தகப்பன்சாமியும் பத்தொன்பது வயது மூப்பரும்

சமயத்தைப் பிறருக்குப் போதிக்க ஒருவருக்கு எத்தனை வயதாகியிருக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ்ச் சமய மரபு ஒற்றை விடை எதையும் விட்டுச் செல்லவில்லை. படித்து, பட்டு, பக்குவப்பட்டு, கேட்பவரின் தகுதியை எடைபோடத் தெரிந்த பிறகே ஒருவர் குருவாகலாம் என்பது மடங்களும் ஆதீனங்களும் நெடுங்காலமாகக் காத்துவரும் கொள்கை. ஆனால் அதே மரபு மூன்று வயதில் பாடிய சம்பந்தரையும், ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்த குமரகுருபரரையும் போற்றிக்கொண்டே வந்திருக்கிறது. இந்த இழுபறி கல்லாகவே எழுந்து நிற்கும் இடம் தென்தில்லியின் ஆர்.கே.புரம். மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பாக உருவான இப்பகுதியின் ஏழாவது செக்டரில், சிறு குன்று ஒன்றின்மேல், 1973இல் குடமுழுக்குக் கண்ட உத்தர சுவாமிமலைக் கோயில் இருக்கிறது. தில்லிவாசிகளுக்கு அது மலை மந்திர். அங்கே உறைபவர் சுவாமிநாதர், அதாவது பிரணவத்தின் பொருளைப் பெற்ற தந்தைக்கே சொல்லிக்கொடுத்த பிள்ளை, நாட்டு வழக்கில் தகப்பன்சாமி. பிழைப்புக்காக வடக்கே வந்த தமிழ்க் குமாஸ்தாக்களும் அதிகாரிகளும் தங்கள் குடியிருப்பின் நடுவே அமர்த்திக்கொண்ட தெய்வம் ஒரு சிறுவயது ஆசிரியர் என்பதை, அக்கோயிலுக்கு வாரந்தோறும் போய்வருகிறவர்கள்கூட அவ்வளவாக யோசித்துப் பார்ப்பதில்லை.

இன்றைய உலகில் இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புகிறவர்கள் மார்மன் ஊழியர்கள். வெளியார் மார்மன்கள் என்று அழைக்கும் இச்சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பட்டப்பெயரைக் கைவிட்டு முழுப்பெயரையே வழங்கவேண்டும் என்று அதன் தலைவராயிருந்த ரஸ்ஸல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். எனினும் பழைய பெயரே உலகின் நாவில் நின்றுவிட்டது. ‘பிற்காலம்’ என்பது உலக முடிவை நோக்கிய கடைசிக் காலத்தைக் குறிக்கிறது. ‘பரிசுத்தவான்’ என்பது கத்தோலிக்கர் சொல்லும் புனிதர் அல்ல, பவுலின் நிருபங்களில் வருவதுபோல ஞானஸ்நானம் பெற்ற எந்த உறுப்பினரும் ஆவார். அப்போஸ்தலர்களின் மறைவோடு ஆதித்திருச்சபை உலகிலிருந்து அற்றுப்போயிற்று என்றும், அதைக் கடவுள் மீண்டும் நிலைநாட்டினார் என்றும் இச்சபை சொல்கிறது. இதையே அவர்கள் மறுஸ்தாபிதம் என்பார்கள். அந்த மறுஸ்தாபிதத்தின் கதை ஒரு சிறுவனிடம் தொடங்குகிறது. எந்தச் சபையில் சேருவது என்று தெரியாமல் 1820இல் நியூயார்க் மாநிலத்துக் காடொன்றில் மண்டியிட்டு ஜெபித்தபோது ஜோசப் ஸ்மித்துக்கு வயது 14. பத்தாண்டு கழித்து, 1830இல், மார்மன் புஸ்தகம் அச்சாகிச் சபையும் நிறுவப்பட்டது. 1844இல் இல்லினாய் மாநிலத்துச் சிறை ஒன்றில் கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. நிறுவியவர் பெற்ற முதல் வெளிப்பாடே பதினான்கு வயதில் என்னும்போது, பதினெட்டு வயதுப் பையனைப் போதிக்க அனுப்புவதில் அச்சபைக்குக் கூச்சம் எதுவும் இருக்க வழியில்லை.

ஆண்கள் 18 வயதிலும் பெண்கள் 19 வயதிலும் ஊழியத்துக்குப் போகலாம் என்று 2012இல் வரம்பு தளர்த்தப்பட்டது; அதற்குமுன் அது முறையே 19, 21. ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. எந்த நாட்டுக்கு, எந்த ஊருக்கு என்பதைப் போகிறவர் தேர்ந்தெடுப்பதில்லை; தலைமையிடத்திலிருந்து அழைப்புக் கடிதம் வரும், அது சொல்லும் இடமே இடம். ஊழியம் தொடங்கியதும் சொந்தப் பெயர் ஒதுங்கி, குடும்பப் பெயருக்கு முன் ஆண்களுக்கு மூப்பர் என்றும் பெண்களுக்குச் சகோதரி என்றும் அடைமொழி ஏறுகிறது. தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபைகளில் மூப்பர் என்றால் தலை நரைத்து, சபைக் கணக்கு வழக்கில் ஊறிய பெரியவர் என்றே எவரும் நினைப்பார்கள். மீசை சரியாக அரும்பாத ஒருவர் மார்பில் கறுப்புப் பட்டயத்துடன் அதே பெயரில் வந்து நிற்பது தமிழ்க் காதுக்குச் சற்று வேடிக்கையாகவே ஒலிக்கும். இந்தியாவில் இவர்களுடைய ஊழிய நிர்வாகம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1993இல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவில் கணிதப் பேராசிரியராயிருந்த குர்சரண் சிங் கில். தில்லிக்குத் தனி நிர்வாகம் 2007இல் வந்தது. தில்லிக்கு அனுப்பப்படுகிறவர்கள் எல்லாரும் யூட்டா மாநிலத்து வெள்ளையர்கள் அல்லர். ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிற இளைஞர்களும் அவர்களில் உண்டு. கோதாவரிக் கரையில் வளர்ந்த பையனுக்குத் தில்லியின் ஜனவரிக் குளிரும் இந்தியும் அமெரிக்கப் பையனுக்குப்போலவே அந்நியம்தான்.

இவர்களுடைய அன்றாடம் மணி பார்த்து வகுக்கப்பட்டது. காலை ஆறரைக்கு எழுந்து, அரைமணி உடற்பயிற்சி செய்து, குளித்து உண்டபின் வேதத்தைத் தனியாகப் படிக்க ஒரு வேளை, உடனிருப்பவரோடு சேர்ந்து படிக்க ஒரு வேளை, அந்தந்த ஊர் மொழியைப் படிக்க ஒரு வேளை என்று முற்பகல் கழியும். பிறகு வெளியே போய்ச் சந்திப்பு, போதனை, உதவி. இரவு ஒன்பது மணி வாக்கில் வீடு, பத்தரைக்கு விளக்கணைப்பு. நாட்டுக்குத் தக்கபடி நேரத்தை முன்பின் நகர்த்திக்கொள்ள 2017 முதல் இடம் தரப்பட்டிருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள், துணி துவைக்கவும் காய்கறி வாங்கவும் கடிதம் எழுதவும் ஒதுக்கப்படுகிறது. சினிமா இல்லை, காதல் இல்லை. 2019 பிப்ரவரிக்கு முன்பெல்லாம் ஆண்டுக்கு இரண்டே முறைதான், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும், வீட்டாரோடு தொலைபேசியில் பேசலாம். இப்போது வாரம் ஒருமுறை பேச முடிகிறது. இதற்கெல்லாம் சம்பளமும் கிடையாது. வசதியுள்ள நாடுகளிலிருந்து போகிறவர் 2020 முதல் மாதம் 500 டாலர் கட்டவேண்டும். அனுப்பப்படும் ஊர் டோக்கியோவாக இருந்தாலும் தில்லியாக இருந்தாலும் தொகை ஒன்றே. அதற்காகப் பள்ளிப் பருவத்திலிருந்தே சேமிக்கும் பிள்ளைகள் உண்டு. வசதியற்ற நாட்டாருக்குச் சபை கைகொடுக்கிறது.

இந்த ஒழுங்கின் அச்சாணி துணை. ஊழியர் ஒருவர் எப்போதும் இன்னொருவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவில் இருக்கவேண்டும். குளியலறை தவிர வேறெங்கும் தனிமை இல்லை. யார் யாருக்குத் துணை என்பதையும் மேலிடமே முடிவு செய்கிறது, சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை மாற்றுகிறது. இயேசு தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்பியதாக மாற்கு சுவிசேஷம் சொல்வது இதற்கு ஆதாரம். புத்தரோ தம் முதல் அறுபது துறவிகளை அனுப்பியபோது இருவர் ஒரே வழியில் போகவேண்டாம் என்றதாக விநயபிடகம் சொல்லும். முன்னதில் இருவர் சேர்ந்தால்தான் சாட்சி நிற்கும் என்ற யூத நீதிமுறையின் நினைவு இருக்கிறது; பின்னதில் நிறைவு பெற்றவருக்குத் துணை தேவையில்லை, அறம் எட்டாத ஊர்தான் இருக்கக்கூடாது என்ற கணக்கு இருக்கிறது. மார்மன் ஊழியர் நிறைவு பெற்றவர் அல்லர் என்பதைச் சபையே ஒப்புக்கொள்கிறது என்பதற்கு இந்தத் துணை ஏற்பாட்டைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அது பாதுகாப்பும்தான், கண்காணிப்பும்தான். நள்ளிரவில் ஐயம் வந்து புரளும் ஒரு பத்தொன்பது வயதுக்காரனுக்கு அடுத்த கட்டிலில் இருப்பவன் ஆறுதலா, காவலா என்பது அந்த அடுத்த கட்டில்காரனின் குணத்தைப் பொறுத்தது.

ஆர்.கே.புரத்துத் தமிழருக்கும் மலையாளிக்கும் இவ்வாழ்க்கையைப் புரியவைக்க நெடிய விளக்கம் தேவைப்படாது. இரண்டாவது செக்டரில் ஐயப்பன் கோயில் இருக்கிறது; கார்த்திகை பிறந்தால் அலுவலகத்தில் நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர் மாலை போட்டதும் ‘சாமி’ ஆகிவிடுகிறார், கறுப்பு உடுத்துகிறார், விடியுமுன் குளிர்ந்த நீரில் குளிக்கிறார், மது மாமிசம் தள்ளி, குருசாமி சொற்படி நடக்கிறார். 41 நாளுக்குப் பெயரும் ருசியும் ஆசையும் ஒதுங்கி நிற்கின்றன. மார்மன் ஊழியம் இதன் இரண்டாண்டு வடிவம் என்று சொன்னால் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் மாலை போட்டவர் யாரையும் மாலை போடச் சொல்லி வீடுவீடாகப் போவதில்லை. விரதம் தன்னோடு முடிந்துவிடுகிறது. மார்மன் விரதத்தில் அடுத்தவருக்குச் சொல்வதே விரதத்தின் பாதி.

சொல்வது என்ன? பாடங்கள் வகுக்கப்பட்டவை. 2004இல் வந்து 2023இல் திருத்தப்பட்ட கையேடு ஒன்று மறுஸ்தாபிதம், இரட்சிப்பின் திட்டம், இயேசுவின் சுவிசேஷம், கட்டளைகள் என்று வரிசைப்படுத்தித் தருகிறது. மனப்பாடமாக ஒப்பிக்காமல் கேட்பவரின் நிலையறிந்து சொல்லவேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் நோக்கத்தில் ஒன்றுபட்ட மூன்று தனி நபர்கள் என்பதும், மனித ஆவிகள் பிறப்புக்கு முன்பே கடவுளோடு இருந்தன என்பதும், இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர் கோயிலில் பதிலாள் ஞானஸ்நானம் பெறலாம் என்பதும் மற்றத் திருச்சபைகள் ஏற்காத போதனைகள். கடைசியாகச் சொன்னது, அமாவாசைதோறும் எள்ளும் தண்ணீரும் இறைக்கும் வீட்டாருக்கு அவ்வளவு விநோதமாகப் படாது. அதற்கான கோயில் இந்தியாவில் இருந்ததில்லை. பெங்களூரில் ஒன்று கட்டப்படும் என்ற அறிவிப்பு 2018இல்தான் வந்தது.

இவற்றை ஊழியர் எப்படி நிறுவுகிறார் என்பதே தத்துவ நோக்கில் முதன்மையான கேள்வி. அவர் வாதாடுவதில்லை. மார்மன் புஸ்தகத்தைக் கையில் கொடுத்து, படித்து, யோசித்து, இது உண்மையா என்று கடவுளிடமே கேட்கும்படி சொல்கிறார். அப்புஸ்தகத்தின் இறுதிப் பகுதியான மரோனியின் பத்தாம் அதிகாரம் அப்படிக் கேட்பவருக்குப் பரிசுத்த ஆவி விடையளிக்கும் என்று வாக்களிக்கிறது. விடை நெஞ்சில் ஒரு கதகதப்பாகவோ அமைதியாகவோ வரும். அதைப் பெற்றவர் சபையில் எழுந்து நின்று சொல்வது சாட்சி எனப்படும். அதில் வரும் வினைச்சொல் ‘நம்புகிறேன்’ அல்ல, ‘அறிவேன்’ என்பதைக் கவனிக்கவேண்டும். இருபது வயதுக்கு உட்பட்ட ஒருவர் கடவுளின் இயல்பைப் பற்றி ‘அறிவேன்’ என்று சொல்லும்போது எந்த வகை அறிவைக் குறிக்கிறார்?

இதற்கு விடைகாணச் சைவ சித்தாந்தத்தின் அளவையியல் நல்ல கருவி. அளவை என்பது அறிவை அளந்து பார்க்கும் வழி. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றுக்குள் மற்றவையெல்லாம் அடங்கும் என்பார்கள். அருள்நந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் காண்டலையே நான்காகப் பிரிக்கிறது: புலன்வழி வரும் இந்திரியக் காட்சி, மனத்தில் பதிந்து தெளியும் மானதக் காட்சி, இன்ப துன்பங்களை உயிர் தன்னுள்ளேயே உணரும் தன்வேதனைக் காட்சி, யோகத்தால் காலமும் இடமும் கடந்து காணும் யோகக் காட்சி. மார்மன் பையனின் நெஞ்சுக் கதகதப்பு, இந்தப் பகுப்பில், ஐயமில்லாமல் தன்வேதனைக் காட்சியில் போய் விழும். அது பொய் என்று சித்தாந்தி சொல்லமாட்டார்; பசித்தவனின் பசியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காட்சி எதற்கு அளவையாகும் என்றால், ‘எனக்கு இப்போது இதமாக இருக்கிறது’ என்பதற்கு மட்டுமே ஆகும். ஒரு புஸ்தகம், சபை சொல்வதுபோல, பொன் தகடுகளிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டதா, பழங்கால அமெரிக்காவில் அதிலுள்ள மக்கள் வாழ்ந்தார்களா என்பதற்கு ஆகாது. இதத்திலிருந்து வரலாற்றுக்குத் தாவுவதற்கு நடுவில் ஒரு கருதலோ ஓர் உரையோ வேண்டும், அந்தப் பாலம் இங்கே இல்லை. இந்தக் குறை மார்மன்களுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் உடனே சேர்க்கவேண்டும்: சந்நிதியில் மயிர் கூச்செறிந்ததையே தலபுராணத்துக்குச் சான்றாகக் கொள்ளும் பக்தரும் அதே தாவலைத்தான் தாவுகிறார், கூச்செறிதல் உண்டானதாலேயே கதை நடந்ததாகிவிடாது என்று அவரிடம் சொன்னால் அவர் வருந்தவே செய்வார்.

ஆனால் சாட்சியின் வேலை கேட்பவரை நிறுவி மடக்குவது அல்ல என்று வைத்துக்கொண்டால் காட்சி மாறுகிறது. அப்போஸ்தலர்களில் ஒருவராயிருந்த பாய்ட் பேக்கர், சாட்சி என்பது அதைச் சொல்லும்போதே சொல்பவருக்குக் கிடைப்பது என்று 1980களில் போதித்தார். இச்சபையில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் கருத்து இது. மீண்டும் மீண்டும், அந்நிய மொழியில், குறைந்த சொற்களில், சொல்லிச் சொல்லியே சொல்பவர் நம்பிக்கையில் உறுதிப்படுகிறார். எண்ணிக்கையும் இதற்கு ஒத்துப்போகிறது. சபை வெளியிட்ட கணக்கின்படி 2024 முடிவில் முழுநேரப் போதக ஊழியர் 74,127 பேர். அவ்வாண்டு புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் 3,08,682 பேர். ஓர் ஊழியருக்கு ஆண்டில் சுமார் நான்கு பேர், அதுவும் நாட்டுக்கு நாடு மிகவும் வேறுபடும். பகல் முழுவதும் நடந்து, மாதம் 500 டாலர் தானே கட்டி, ஆண்டுக்கு நாலு பேரைச் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் இதைவிட நட்டக் கணக்கு உலகில் இருக்காது. ஆனால் அந்த 74,127 பேரும் வாழ்நாள் முழுவதும் சபையை விடாமல் பற்றுவதே நோக்கம் என்றால், கணக்கு வேறு. ஊழியத்தின் முதல் மாணவர் ஊழியரே. தில்லியிலேயே, நிஜாமுதீனைத் தலைமையிடமாகக் கொண்டு 1920களில் மௌலானா இல்யாஸ் தொடங்கிய தப்லீக் ஜமாத்தும் இதை அறிந்திருந்தது. நாற்பது நாள் சில்லாவுக்கு, அதாவது ஊர்விட்டு ஊர் போகும் பயணத்துக்கு, கடையையும் வயலையும் விட்டுவிட்டுச் சொந்தச் செலவில் புறப்படும் சாதாரண முஸ்லிம், பிறரைத் திருத்துவதற்கு முன் தன்னைத் திருத்திக்கொள்ளவே போகிறார் என்பது அந்த இயக்கத்தின் அடிப்படைப் பாடம்.

இந்தப் பயிற்சியின் கடுமை பெரிய கோட்பாடுகளில் தெரிவதைவிட ஒரு டம்ளர் காப்பியில் நன்றாகத் தெரியும். 1833இல் ஜோசப் ஸ்மித்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் ‘ஞான வார்த்தை’ என்னும் வெளிப்பாடு புகையிலையையும் மதுவையும் சூடான பானங்களையும் விலக்குகிறது. சூடான பானம் என்றால் காப்பியும் தேயிலையும் என்று சபை பொருள் வரையறுத்திருக்கிறது. சூப்பு சூடாயிருந்தால் குற்றமில்லை, காப்பி ஆறிப்போயிருந்தாலும் குற்றம்தான். அமெரிக்காவில் இது தனிமனிதனின் உணவு விருப்பம் என்ற அளவில் கடந்துபோகும். ஆர்.கே.புரத்துத் தமிழ் வீட்டில் கடந்துபோகாது. வந்தவரை உட்காரச் சொல்வதும், உள்ளே டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஊர், படிப்பு, அம்மா அப்பா என்று விசாரிப்பதும், டபராவில் ஆற்றி நுரை ததும்பக் கொண்டுவந்து வைப்பதும் ஒரே செயலின் தொடர்ச்சி. அந்த டம்ளரைத் தொடாமல் வைத்துவிட்டுத் தன் வேதத்தைத் திறக்கிறவர், கொடுப்பதை வாங்காமல் தான் கொடுக்க மட்டுமே வந்தவர் ஆகிவிடுகிறார். விருந்தின் இலக்கணத்தில் அது பெரிய பிழை. அடுத்த கதவு பஞ்சாபி வீடாயிருந்தால் டம்ளருக்குப் பதில் இஞ்சி தட்டிப்போட்ட சாய், வேறுபாடு அவ்வளவுதான். விவரமறிந்த ஊழியர் மோர் கேட்பார், அல்லது வெறும் தண்ணீராவது வாங்கிக் குடிப்பார்; சுக்குமல்லிக் காப்பி என்று பெயர் சொல்லி நீட்டினால் பெயரைப் பார்ப்பதா பொருளைப் பார்ப்பதா என்று அவருக்கு ஒரு நிமிடம் திண்டாட்டம்தான். காப்பியை விலக்கும் வைராக்கியம் தமிழருக்கு முற்றிலும் புதிதும் அல்ல. நீராகாரத்தைத் தள்ளிவிட்டுக் காப்பி வீட்டுக்குள் நுழைந்த காலத்தில் அதைக் குடிப்பழக்கத்துக்கு இணையாக வைத்துத் திட்டிய தமிழ் எழுத்துகள் ஏராளம், ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ அந்த வரலாற்றைச் சுவைபடச் சொல்கிறது. கொள்ளுத்தாத்தா திட்டிய பானம் கொள்ளுப்பேத்தியின் உபசாரமாகிவிட்டது. யூட்டாவில் இன்னும் கொள்ளுத்தாத்தா காலமே நடக்கிறது.

இளைஞரை அனுப்பும் இவ்வழக்கம் இச்சபையிலும் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரில் கூடிய மாநாட்டில் இந்தியாவுக்கும் சயாமுக்கும் போக அழைக்கப்பட்ட 13 பேரில் மனைவி மக்களை விட்டுவந்தவர்கள் பலர். பலதார மணம் சபையின் கொள்கை என்று முதன்முதலாக வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதும் அதே மாநாட்டில்தான். ஆகவே அவர்கள் 1853 ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்குவதற்கு முன்பே அவர்களுடைய அவப்பெயர் இறங்கிவிட்டது. சென்னைக்கு வந்த மூவரில் முதல்வர் ரிச்சர்ட் பாலன்டைன், சால்ட் லேக்கில் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர், அப்போது 35 வயதுக்காரர். அவர் சென்னையில் ஒரு மாத இதழ்கூட அச்சிட்டார். பலன் மிகக் குறைவு. பணப்பையும் வழிப்பையும் இல்லாமல் புறப்பட்டு, போன இடத்தில் கிடைத்ததை உண்பது என்ற சுவிசேஷ விதியை அவர்கள் கொண்டுவந்தார்கள். கன்டோன்மென்ட் ஆங்கிலேயருக்கு அது வெள்ளைக்காரப் பிச்சைக்காரனாகவும், பண்டாரத்துக்கும் பரதேசிக்கும் சோறிட்டுப் பழகிய தமிழருக்கு அது துரை வேஷத்தில் வந்த துறவியாகவும் தெரிந்திருக்கவேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆங்கிலேயரிடையே பேசிவிட்டு, 1856க்குள் எல்லாரும் திரும்பிப்போனார்கள்.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு தமிழ் மண்ணில் இச்சபை முளைத்தபோது எந்த ஊழியரும் வாசலில் வந்து நிற்கவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். பால் திருத்துவதாஸ் 1950களில் கையில் கிடைத்த பழைய பிரசுரம் ஒன்றைப் படித்து, தானே கடிதம் எழுதி, தானே காத்திருந்து, 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். திரித்துவத்தைப் பெயரிலேயே சுமந்தவர், திரித்துவக் கோட்பாட்டை ஏற்காத சபையில் சேர்ந்தது பெயர்களின் விளையாட்டு. அவர் விஷயத்தில் கேள்வி முன்னே போயிற்று, ஆசிரியர் பின்னே வந்தார். தமிழ்க் காப்பியம் அறிந்த முறையும் இதுதான்: மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதி ஒவ்வொருவரையும் தானே தேடிப்போய், உங்கள் பொருள் என்ன என்று கேட்கிறாள். அவளும் இளம்பெண்ணே, ஆனால் அங்கே இளமை கேட்கும் இடத்தில் இருக்கிறது, சொல்லும் இடத்தில் அல்ல.

இளமையோடு வந்து வேறுவிதமாக நடந்துகொண்ட ஒருவரும் உண்டு. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு வயது 24 நிறையவில்லை. தமிழ் கற்க அவர் செய்தது, திண்ணைப் பள்ளி ஆசிரியரையும் பிள்ளைகளையும் தன்னிடத்துக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதியது. தமிழரோடு கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார், அவர்கள் தந்த விடைகளைத் தொகுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவருடைய கொள்கையை ஏற்காதவர்கள்கூட இன்று அவரைப் படிப்பது அந்த விடைகளுக்காகவே. 1719இல் இங்கேயே இறந்தார். மார்மன் ஊழியருக்கு அந்த அவகாசம் இல்லை. இந்தி நாவில் படியும் வேளையில் திரும்பும் தேதி வந்துவிடும்.

கேட்காதவரிடம் போய்ச் சொல்லலாமா என்பது இந்தியாவில் வெறும் சமயக் கேள்வியாக நின்றுவிடவில்லை. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவில் சமயத்தைப் ‘பரப்பும்’ உரிமையைச் சேர்ப்பதா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை விவாதித்தபோது, கிறிஸ்தவ நிறுவனங்களில் 14 ஆண்டு படித்தும் தன்னை யாரும் மதம் மாற்ற முயன்றதில்லை என்று சொல்லி அச்சொல்லுக்கு ஆதரவாகப் பேசியவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சொல் நின்றது. ஆனால் பரப்பும் உரிமை என்பது எடுத்துரைக்கும் உரிமையே, இன்னொருவரை மாற்றும் உரிமை அன்று என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. தமிழ்நாடு 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்து 2004இல் விலக்கிக்கொண்டது. உத்தரப் பிரதேசத்தில் 2021 முதலும் ஹரியானாவில் 2022 முதலும் இத்தகைய சட்டங்கள் நடப்பில் இருக்க, தில்லிக்கு அப்படியொரு சட்டம் இல்லை, ஆகவே ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் குர்கானுக்கோ நொய்டாவுக்கோ போகும் ஒருவர் ஒரே வாக்கியத்தை வேறு சட்டத்தின் கீழ் உச்சரிக்கிறார். அயல்நாட்டவருக்கு விசா வகையும் உண்டு: சுற்றுலா விசாவில் வந்து சமயப் பணி செய்ததாக 2020 ஏப்ரலில் தப்லீக் ஜமாத்தைச் சேர்ந்த 960 வெளிநாட்டவரை மத்திய அரசு கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. இச்சட்டங்களின் நோக்கம் பற்றி எதிரெதிர் கருத்துகள் உண்டு. அவை பேசுவதெல்லாம் பலவந்தம், ஆசைகாட்டல், மோசடி பற்றியே அன்றி, இரண்டு பையன்கள் வந்து பேசும்போது கேட்பவருக்கு உண்மையில் என்ன நேர்கிறது என்பதைப் பற்றி அல்ல.

அதைப் பற்றிப் பேச ஆர்.கே.புரத்தின் பெயரே இடம் தருகிறது. அது ராமகிருஷ்ணரின் பெயர். பூ மலர்ந்தால் தேனீ தானே தேடிவரும் என்று சொன்னவர் அவர். தட்சிணேசுவரத்தை விட்டு எங்கும் போய்ப் பிரசங்கம் செய்தவர் அல்லர். ஆனால் அவருடைய சீடர் 1893இல் கடல் கடந்து சிகாகோ போனார். 1897இல் கல்கத்தாவில் குருவின் பெயரால் ஓர் அமைப்பை நிறுவியபோது அதற்கு ‘மிஷன்’ என்ற பெயரையே எடுத்துக்கொண்டார். தேனீக்காகக் காத்திருந்த பூ ஒரே தலைமுறையில் கப்பல் ஏறிவிட்டது. எதிர்த்து நின்ற முறையையே எடுத்தாள வேண்டியதாயிற்று என்று இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். சொல்லத் தக்கது கையில் இருப்பதாக நம்புகிறவருக்குச் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதற்குச் சான்றாகக் கொள்வதே நேர்மை.

மலை மந்திர்க் கதைக்குத் திரும்பினால், அதில் வயது ஒரு தடையாகவே பேசப்படவில்லை என்பது தெரியும். பிரணவத்தின் பொருள் தெரியாத பிரமனைச் சிறையிலிட்ட பிள்ளையிடம், உனக்குத் தெரியுமா என்று தந்தை கேட்கிறார். தெரியும், ஆனால் கேட்கிற முறையில் கேட்டால் சொல்கிறேன் என்கிறான் பிள்ளை. தந்தை மாணவனின் நிலையில் அமர்ந்து காதைக் கொடுக்கிறார். அங்கே ஆசிரியனை ஆசிரியனாக்குவது அவனுடைய அறிவு பாதி, கேட்பவர் அமர்ந்த அமர்வு பாதி. மார்மன் ஊழியரிடம் முதல் பாதி இருக்கிறதா என்பதில் சமயவாதிகள் சண்டையிடலாம். இரண்டாவது பாதி பெரும்பாலான வாசல்களில் இருப்பதில்லை என்பதில் சந்தேகமில்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் அமரவில்லை. இச்சபையின் கையேடே, முன்பின் அறியாத கதவைத் தட்டுவதைவிட உறுப்பினர் ஒருவரின் அறிமுகத்தின் வழியே போவதை மேலாகச் சொல்வது இக்குறையை அவர்களும் அறிந்திருப்பதைக் காட்டுகிறது. அறிமுகம் என்பது கேள்விக்கு ஒரு மாற்று; அரைகுறை மாற்றுதான்.

இதனால் அந்த இரண்டாண்டு வீண் என்று ஆகாது, அதன் விளைவை வேறிடத்தில் தேடவேண்டும் என்றே ஆகிறது. ஊழியம் முடிந்து விமானம் ஏறியதும் பட்டயம் கழன்றுவிடுவதில்லை. சொந்த ஊர் போய்ச் சேர்ந்து, அங்குள்ள சபைத் தலைவர் விடுவிக்கும்வரை அவர் ஊழியரே. பெற்றோர் வீட்டுக்குள் நுழைந்த பிறகும் விதிகள் நீடிக்கின்றன. பிறகு அத்தலைவர் முன் அமர்ந்து கணக்கு ஒப்பித்து, விடுதலை பெற்று, சட்டையிலிருந்து கறுப்புப் பட்டயத்தைக் கழற்றுகிறார், சபரிமலையிலிருந்து திரும்பியவர் வீட்டில் மாலையைக் கழற்றுவதுபோல. இரண்டு ஆண்டுகளாக யாரும் கூப்பிடாத சொந்தப் பெயரைச் சொல்லி அன்றைக்கு வீட்டில் கூப்பிடுகிறார்கள். சிலர் முதல் அழைப்புக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை.